முத்து நகை வாங்கியாயிற்று, இனி எப்படிப் பார்த்துக்கொள்வது?

தங்கத்தைச் சுத்தம் செய்ய நம் வீடுகளில் யாரும் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சோப்புக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பிரஷால் தேய்த்து, வெந்நீரில் அலசினால் பளிச்சென்று வந்துவிடும். அதற்கும் நேரமில்லையென்றால் பினாங்கு லிட்டில் இந்தியாவில் பழக்கமான நகைக்கடையில் கொடுத்துவிட்டு நாலு வார்த்தை பேசுவதற்குள் மெஷினில் போட்டுக் கழுவித் தந்துவிடுவார்கள். கோத்தா கினாபாலுவுக்கோ லொம்போக்குக்கோ சுற்றுலா போய் முதன்முதலாக ஒரு முத்து மாலை வாங்கி வருகிறவர்களும் இதே வழியில்தான் இறங்குகிறார்கள். ஊறப்போடுவது, பிரஷால் தேய்ப்பது, வெந்நீர், மெஷின் ஆகிய நான்குமே முத்துக்கு ஆகாது.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகவே விளங்கும். முத்து பூமியிலிருந்து தோண்டியெடுத்த கல் இல்லை. சிப்பி தன் உடலுக்குள் மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து உருவாக்கியது. அந்தப் படலத்தில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதை ஒட்டிப் பிடித்திருப்பது ஒரு வகைப் புரதம். கூடவே கொஞ்சம் ஈரமும் உண்டு. கால்சியம் கார்பனேட் புளிப்பில் கரையும். முட்டை ஓடும் இதே பொருள்தான். ஓட்டின்மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். முத்தின் மேல்தோலிலும் அதுவே நடக்கும், மெதுவாக. புரதமும் ஈரமும் சூட்டில் காய்ந்தால் முத்து வெடிப்பு விடும். அப்புறம் கடினம்: கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் முத்து 2.5-லிருந்து 4.5 வரைதான். வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணல் துகள் 7. ஆகவே தூசி படிந்த முத்தை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மணல்தாளால் தேய்த்த கதைதான்.

கையில் இருப்பது எது என்று பாருங்கள்

சுத்தம் செய்ய உட்காரும் முன் நகையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். அசல் முத்தா, போலி முத்தா என்பதே முதல் கேள்வி. இரண்டு மணிகளை ஒன்றோடொன்று மிக மென்மையாக உரசினால் அசலில் நறநறவென்று ஒரு சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். கண்ணாடி, பிளாஸ்டிக் மணிகள் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போகும். அதைவிட நல்ல வழி, கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கித் துளையின் ஓரத்தைப் பார்ப்பது. போலி மணியில் பூச்சு உரிந்து, உள்ளே வேறு நிறம் தெரியும். தீயில் காட்டிச் சோதிக்கும் பழக்கம் எங்காவது கேள்விப்பட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

அசல் என்றால் இன்று சந்தையில் இருப்பது கிட்டத்தட்ட எல்லாமே வளர்ப்பு முத்துதான். சீனாவிலிருந்து வரும் நன்னீர் முத்து பெரும்பாலும் உள்ளே வரை முத்துப்படலமாகவே இருக்கும், கொஞ்சம் தாங்கும். ஜப்பானின் அகோயா முத்தில் உள்ளே சிப்பி ஓட்டிலிருந்து கடைந்த உருண்டை ஒன்று இருக்கும், மேலே படலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது தேய்ந்தால் போயிற்று. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் பெரிய தென்கடல் முத்துகளுக்குப் படலம் தடிமனாக இருக்கும். மலிவாகக் கிடைக்கும் அடர்கறுப்பு, மயில்நீல நன்னீர் முத்துகளில் பெரும்பாலானவை சாயம் ஏற்றியவை. ஈரப் பஞ்சால் துளை ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் பிடித்தால் அந்த நகைக்குத் தண்ணீரே காட்டாதீர்கள்.

பாட்டி காலத்திலிருந்து வந்த மாலையென்றால் கொஞ்சம் நில்லுங்கள். தூத்துக்குடியில் கடலில் மூழ்கி முத்தெடுக்கும் தொழில் 1961 வரை நடந்தது. அங்கிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களின் பெட்டியில் மன்னார் வளைகுடாவின் இயற்கை முத்து இருக்க வாய்ப்புண்டு. இயற்கையா வளர்ப்பா என்பதை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ரத்தினக்கல் ஆய்வுக்கூடம்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அது தெரியும்வரை கழுவவும் வேண்டாம், துளையைப் பெரிதாக்க யாரையும் விடவும் வேண்டாம். மேலாக ஒருமுறை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து எடுத்து வையுங்கள்.

கழற்றியதும் ஒரு துடைப்பு

முத்துப் பராமரிப்பில் முக்கால்வாசி இந்த ஒரு வேலைதான். இதைச் செய்கிறவர்களுக்குக் கழுவும் அவசியம் அநேகமாக வராது.

பினாங்கில் வருஷம் முழுக்கப் புழுக்கம். கழுத்தில் கிடக்கும் மாலை கோயில் வாசலுக்குப் போய்ச் சேரும் முன்பே வியர்வையில் நனைந்துவிடும். வியர்வையில் லேசான புளிப்பு உண்டு. வருஷக்கணக்கில் துடைக்காமல் அணிந்த மாலைகளில் தோலைத் தொடும் பக்கம் தேய்ந்து, உருண்டை முத்து பீப்பாய் வடிவத்துக்கு வந்துவிடுவதை நகைத்துறையினர் நன்றாக அறிவார்கள். "போட்டுக்கொண்டே இருந்தால்தான் முத்து ஒளி விடும்" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பூட்டி வைத்துக் காயவிடுவதைவிட அணிவது நல்லது. மீதிப் பாதி, அணிந்த பின் துடைக்க வேண்டும் என்பது.

செய்முறை எளிது. பழைய பருத்தி வேட்டித் துண்டு, அல்லது கண்ணாடி துடைக்கும் மென்துணி எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழியுங்கள். சொட்டக் கூடாது, கையில் குளிர்ச்சி தெரிந்தால் போதும். மாலையை மேசையில் ஒரு துண்டின்மேல் நீளமாகப் படுக்கவைத்து, கொக்கிப் பக்கத்திலிருந்து தொடங்கி இரண்டு மூன்று முத்தாகத் துணிக்குள் வைத்து மெல்லச் சுற்றித் துடைத்துக்கொண்டே போங்கள். முதல் சுற்றில் தூசி போகும், துணியின் சுத்தமான பக்கத்தால் இரண்டாம் சுற்று துடைத்தால் வியர்வை போகும். நூலைப் பிடித்து இழுக்காதீர்கள். முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு அப்படியே படுத்த நிலையில் கொஞ்ச நேரம் விடுங்கள். தோடு, ஜிமிக்கி, மாட்டல் எல்லாவற்றுக்கும் இதே முறை. மாட்டலில் தலைக்கு வைத்த எண்ணெய் பிடித்திருக்கும். அதைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

பளபளப்புக்காகக் கடைசியில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவுகிறவர்கள் உண்டு. அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எண்ணெய் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும், துளைக்குள் இறங்கி நூலைக் கறைப்படுத்தும். வேண்டாம்.

ஈரத்துணிக்கு மேல் தேவைப்பட்டால்

சன்ஸ்கிரீன், பவுண்டேஷன், எண்ணெய் எல்லாம் சேர்ந்து முத்து மங்கிப் பிசுபிசுத்திருந்தால் மட்டும் சோப்பு. சிறு கிண்ணத்தில் வெதுவெதுப்பும் இல்லாத, அறைச் சூட்டுத் தண்ணீர். அதில் குழந்தைகளுக்கான ஷாம்பு இரண்டு மூன்று சொட்டு. பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம். நம் ஊரில் கிடைப்பதில் பாதி எலுமிச்சை கலந்தது. மாலையைக் கிண்ணத்துக்குள் போடாதீர்கள். துணியின் நுனியைத்தான் முக்க வேண்டும். பிழிந்து, ஒவ்வொரு முத்தாகத் துடையுங்கள். அடுத்து இன்னொரு துணியை வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சோப்பை எடுங்கள். இதை இரண்டு தடவை செய்யுங்கள். சோப்பு தங்கினால் துளை ஓரம் வெளுத்துத் தெரியும்.

உலர்த்துவதில்தான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறோம். பட்டு நூல் ஈரமாக இருக்கும்போது இழுபடும். ஆணியில் தொங்கவிட்டால் முத்துகளின் எடையில் நூல் நீண்டு இடைவெளி விழுந்துவிடும். ஆகவே உலர்ந்த துண்டின்மேல் படுக்கவைத்து, ஒரு இரவு முழுக்க விடுங்கள். மழைக்காலமென்றால் மறுநாள் பகலும் சேர்த்து. மேலே மின்விசிறி ஓடலாம். ஹேர் டிரையர், வெயில், கார் டேஷ்போர்டு எதுவும் கூடாது. முடிச்சைத் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். ஈரத்தோடு பெட்டியில் மூடிவிட்டால், நம் ஊர்ப் புழுக்கத்தில் நூலில் கருப்புப் புள்ளியாகப் பூஞ்சை வந்து நிற்கும்.

பற்பசையை வைத்துத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பற்பசையில் தேய்ப்புத் துகள் இருக்கிறது. வெள்ளிக் கொலுசு பளிச்சிடும், முத்தின் தோல் சொரசொரத்துப் போகும். சமையல் சோடாவும் அப்படியே. வினிகர், புளி, எலுமிச்சை, குளோராக்ஸ், அம்மோனியா கலந்த நகைக் கழுவி எதுவும் அருகில் வரக் கூடாது. மஞ்சளித்துப்போன பழைய முத்தை வெளுக்கவைக்க வீட்டில் ஒரு வழியும் இல்லை. அது அழுக்கு அல்ல, முத்தின் வயது. எனக்கு அந்த வெண்ணெய் நிறம் புது வெள்ளையைவிடப் பிடிக்கும்.

கல்யாணத்திலும் தைப்பூசத்திலும்

வாசனைத் திரவியத்தை அடித்துவிட்டு முத்தை அணியுங்கள் என்று எல்லா நாட்டு வழிகாட்டிகளும் சொல்லும். அது சரிதான். பவுடர், ஹேர்ஸ்பிரே, செண்ட் எல்லாம் போட்டு, அது காய்ந்து, கையைக் கழுவித் துடைத்த பிறகே மாலை கழுத்துக்கு வரவேண்டும். வீடு திரும்பியதும் முதலில் கழற்ற வேண்டியதும் அதுவே. ஆனால் நம் விசேஷங்களில் செண்டைவிட ஆபத்தானவை வேறு இருக்கின்றன.

கல்யாண மண்டபத்து வாசலிலேயே பன்னீர் தெளிக்கிறார்கள். கழுத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டு கையில் வாங்கிக்கொள்ளலாம். சந்தனமும் குங்குமமும் நெற்றியோடு நிற்கட்டும். கழுத்தில் பூசும்போது மாலையைச் சேலைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். முத்தில் மஞ்சள் பட்டால் அந்த நிமிஷமே ஈர டிஷ்யூவால் ஒற்றியெடுக்க வேண்டும், காய்ந்தபின் துளை ஓரத்துக் கறை போகவே போகாது. திருநீறு பொடியாகத்தான் விழும், உலர்ந்த விரலால் தட்டிவிட்டுத் தேய்க்காமல் இருங்கள். வாழையிலையில் ரசம், ஊறுகாய் தெறித்தாலும் அதே வைத்தியம்: உடனே ஈரம், பிறகு உலர்ந்த துணி. இதற்காகவே கைப்பையில் சிறு பருத்தித் துணி ஒன்று போட்டுவைத்திருப்பது நல்ல பழக்கம். ஈர டிஷ்யூ வாங்கும்போது மட்டும் ஆல்கஹால் இல்லாததைப் பார்த்து வாங்குங்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறவர்கள் முத்து நகையை வீட்டிலேயே விட்டுவிடுவதுதான் என் கருத்து. மணிக்கணக்காக வெயில், வியர்வை, சிந்தும் பால், வழியெல்லாம் உடைபடும் தேங்காயின் தெறிப்பு, எலுமிச்சை. ஒரே நாளில் முத்து இவ்வளவையும் தாங்க வேண்டியதில்லை. கும்பிடப் போகிறவர்களுக்கு ஒரு ஜோடி தோடு போதும்.

பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகளின் செட் வேறு விவகாரம். அதில் முத்தாகத் தெரிவது பெரும்பாலும் போலி மணி. சிவப்புக் கெம்புக் கற்களின் அடியில் மினுங்கும் தகடு இருக்கும். தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்துக் கல் செத்துப்போகும். அரங்கேற்றம் முடிந்ததும் ஈரமேயில்லாத மென்மையான துணியால் வியர்வையை ஒற்றி, காற்றாட விட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி வையுங்கள். ஹேர்ஸ்பிரேயும் சானிடைசரும் போலி முத்தின் பூச்சையே உரித்துவிடும்.

மோதிரமும் வெள்ளியும்

சந்திரனுக்காக வெள்ளியில் முத்து மோதிரம் போட்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். நவரத்தின மோதிரத்திலும் முத்து உண்டு. ஜோதிடர் கழற்றக் கூடாது என்று சொல்லியிருப்பார். அதனாலேயே உலகத்திலுள்ள முத்துகளில் மிகவும் பாடுபடுவது இதுதான்: பாத்திரம் கழுவும் சோப்பு, குளியலறைக் குளோராக்ஸ், எலுமிச்சை பிழியும் கை, சானிடைசர். கழற்ற மனமில்லையென்றால் இந்த வேலைகளுக்கு ரப்பர் கையுறை மாட்டிக்கொள்ளுங்கள். இரவில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. மோதிரத்து முத்து பெரும்பாலும் பாதி துளையிட்டு, உள்ளே கம்பியில் பசைவைத்து நிறுத்தியது. தண்ணீரில் ஊறினால் பசை விட்டு முத்து கழன்றுவிடும். முத்து லேசாக ஆடுவதாகத் தெரிந்தால் அன்றே அணிவதை நிறுத்திவிட்டு ஆசாரியிடம் கொண்டுபோங்கள்.

வெள்ளி கறுத்தால் பாட்டிலில் விற்கும் வெள்ளிக் கழுவியில் முக்க மனம் தூண்டும். அது அமிலம், முத்தைத் தின்றுவிடும். வெள்ளி துடைக்கும் துணியை விரல்நுனியில் சுற்றி, உலோகத்தை மட்டும், முத்தைத் தொடாமல் துடைக்க வேண்டும். பினாங்கின் பழம்பொருள் கடைகளில் வெள்ளியில் சிறு முத்து பதித்த கெரோசாங் (கெபாயா சட்டையில் குத்தும் ஊசி நகை) கண்ணில் பட்டால் அதற்கும் இந்தப் பொறுமையே வேண்டும். பெரானாக்கான் சீனச் சமூகத்தின் நோன்யா பெண்கள் துக்க காலத்தில் தங்கத்தையும் வண்ணக் கற்களையும் ஒதுக்கிவிட்டு வெள்ளியும் முத்தும் அணிந்தார்கள். சர்ச் ஸ்திரீட்டில் உள்ள பினாங்கு பெரானாக்கான் மாளிகையில் அந்தச் சமூகத்து நகைகளை நிதானமாகப் பார்க்கலாம். வாங்க நினைப்பவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

தங்கத்தில் முத்து பதித்த நகையைக் கடையில் கொடுக்கும்போது வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். "அண்ணே, இதுல முத்து இருக்கு, மெஷின்ல போடாதீங்க, ஆவியும் காட்டாதீங்க, கையால துடைச்சுக் குடுங்க." நல்ல கடைக்காரர் தலையாட்டிவிட்டுத் தனியாக எடுத்து வைப்பார். "ஒன்னும் ஆகாதும்மா" என்று மெஷின் பக்கம் நகர்கிறவரிடமிருந்து நகையை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த மெஷின் அதிர்வால் அழுக்கை உதிர்க்கிறது. அந்த அதிர்வில் முத்தின் நுண்ணிய வெடிப்பு பெரிதாகும், நூலும் நனைந்துவிடும்.

நூலைப் பாருங்கள்

மாலை அறுந்தபின் முத்தைத் தேடுவதைவிட நூலைப் பார்க்கப் பழகுவது சுலபம். மாதம் ஒருமுறை மாலையின் இரு முனையையும் பிடித்து மெதுவாக நிமிர்த்துங்கள். முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவே நூல் எட்டிப்பார்த்தாலோ, முடிச்சுகள் சாம்பல் நிறமாகியிருந்தாலோ, கொக்கி அருகே நூல் பிசிறடித்திருந்தாலோ புதிதாகக் கோக்க வேண்டிய நேரம். அடிக்கடி அணிகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, எப்போதாவது அணிகிறவர்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கோத்துக்கொள்வது நல்லது. முதலில் அறுவது கொக்கி அருகேதான். அந்த இடத்தை இரண்டு தடவை பாருங்கள்.

கோக்கக் கொடுக்கும்போது ஒவ்வொரு முத்துக்கும் நடுவே முடிச்சு வேண்டும் என்று கேளுங்கள். முடிச்சு இருந்தால் அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும், முத்தும் முத்தும் உரசித் தேயாது. மீன்பிடி நரம்பு போன்ற நைலானில் கோத்துத் தருவதாகச் சொன்னால் அசல் முத்துக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள், துளை விளிம்பை அறுக்கும். கொடுக்கும் முன் முத்துகளை எண்ணி, படம் எடுத்து, எண்ணிக்கையைக் கடைக்காரர் முன்னாலேயே ரசீதில் எழுதி வாங்குங்கள். இது யாரையும் சந்தேகப்படுவதற்காக அல்ல, இரண்டு பக்கத்துக்கும் மனநிம்மதி.

எங்கே வைப்பது

தங்கச் சங்கிலியும் கல் வளையலும் கிடக்கும் பெட்டியில் முத்தைச் சேர்த்துப் போட்டால் கீறல் நிச்சயம். தனியாக ஒரு பருத்தி அல்லது பட்டுத் துணிப்பை, அதற்குள் வளைக்காமல் படுத்த நிலையில். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்வை ஈரம் உள்ளேயே நின்றுவிடும். சேலை அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் டப்பாவும் அந்துருண்டையும் இருந்தால் முத்துப் பையை வேறு தட்டுக்கு மாற்றுங்கள். புது வார்னிஷ் வாசனை போகாத மரப்பெட்டியிலும் அட்டைப்பெட்டியிலும் பல வருஷம் பூட்டி வைக்காதீர்கள். மரத்திலிருந்து கசியும் அமில ஆவி சிப்பிப் பொருள்களைத் தாக்கி மேலே வெள்ளைப் பொடி பூக்கவைக்கும். அருங்காட்சியகங்களில் சங்கு, சிப்பி சேகரிப்புகள் பல இப்படித்தான் சேதமாகியிருக்கின்றன.

வங்கி லாக்கரில் வைப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அந்த அறை எந்நேரமும் ஏர்கோனில் காய்ந்து கிடக்கும். தங்கத்துக்கு அதனால் ஒன்றுமில்லை. முத்து மாதக்கணக்கில் அங்கேயே இருந்தால் உள்ளிருக்கும் ஈரம் குறைந்து வெடிப்பு விடக்கூடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நகை எடுக்கப் போகும்போது முத்து மாலையையும் வெளியே கொண்டுவந்து, இரண்டு நாள் அணிந்து, துடைத்து, ஒரு நாள் வீட்டுக் காற்றில் விட்டு, முழுதாகக் காய்ந்தபின் திருப்பி வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் கிடந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.